எண்பதில் ஆடும் ஸ்டீயரிங்

அந்தப் பெரியவர் உள்ளே வந்ததும் உட்காரவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் அக்காவின் மேசைமேல் நீட்டி வைத்தார்.

“பாருங்க. நடுங்குதா?”

நானும் எட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன.

“இல்லை,” என்றாள் அக்கா.

“அப்போ ஆடுறது என் கை இல்ல. ஸ்டீயரிங்தான். வண்டியைப் பார்த்தவங்க எல்லாரும் எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லாம சொல்லிட்டாங்க.”

“உட்காருங்க சார்,” என்றேன். “நாற்காலியும் கொஞ்சம் ஆடும். அதுக்கும் உங்க வயசு காரணமில்ல.”

அவர் சிரிக்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, எது எதன்மேல் மோதியது, யார் புளுகுகிறார் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு இந்த இரண்டு அறை துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தபோது கூடவே என்னையும் சேர்த்துக்கொண்டாள். என்னை ‘வாய்’ என்றுதான் கூப்பிடுவாள். என் மற்ற உறுப்புகள் வேலை செய்து அவள் இன்னும் பார்த்ததில்லையாம்.

“ஸ்டீயரிங் ஆடினா மெக்கானிக்கிட்ட போகணும். எங்ககிட்ட ஏன் வந்தீங்க?” என்று கேட்டாள்.

பெரியவர் ஒருவழியாக உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர், அதனால் எல்லாருக்குமே அவர் மாஸ்டர். ஸ்கூல் வண்டி தவிர, சொந்தமாக ஒரு பழைய எஸ்.யூ.வி. வைத்திருக்கிறார். அதன் டயர்கள் வழுக்கையாகிவிட்டன. வழக்கமாகப் போகும் மெக்கானிக், டயரோடு சேர்ந்த பழைய சக்கரங்கள் நாலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அன்றிலிருந்து எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது.

“பழைய சக்கரம்னு பேரு. டயர் புதுசு மாதிரி இருக்கு. எங்கேருந்து கிடைச்சுதுன்னு கேட்டா அவன் பேச்சை மாத்துறான். இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னவன் இல்ல. இப்பவும் பொய் சொல்லல. மூஞ்சியைத் திருப்பிக்கிறான்.”

“திருட்டுச் சக்கரம்னு சந்தேகமா?”

“இல்ல. எனக்கு ஒரு மக இருக்கா.”

துருப்பிடித்த போல்ட்டைத் திருகி எடுப்பது போல அந்த வார்த்தை வெளியே வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. ஒரே மகள். தாயில்லாத பெண். வண்டி ஓட்ட அவர்தான் கற்றுக்கொடுத்தார். கல்யாணமான பிறகு அவளும் ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்தாள், பெண்களுக்கென்று, அதுவும் அதே தெருவில். மாஸ்டரிடம் பாதி பாடம் படித்த பெண்கள் மீதிப் பாடத்துக்கு அங்கே போனார்கள். மாஸ்டருக்குத் தலைக்கேறியது. தெருவில் நின்று, படிக்க வந்த பிள்ளைகள் முன்னால், “எனக்கு மகளே கிடையாது” என்று கத்தினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூலைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அதன் பிறகு இவரும் பேசவில்லை.

“அந்தச் சக்கரம் அவ குடுத்ததா இருக்கும்னு எனக்குத் தோணுது. போன மழைக்கு முன்னாடி ஒரு சிக்னல்ல அவ வண்டி என் பக்கத்துல வந்து நின்னுது. நான் நேராத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவ என் டயரைப் பார்த்தா.”

“நேரா பார்த்துட்டு இருந்தா அது எப்படி சார் தெரிஞ்சுது?” என்றேன்.

“கண்ணாடி எதுக்குத் தம்பி இருக்கு?”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

“அவதான்னா, நான் போய் அவகிட்ட பேசணும்,” என்றார் மாஸ்டர் அக்காவைப் பார்த்து. “தப்பு என் பேர்லதான்னு சொல்லணும். அவ இல்லைன்னா, எவனோ குடுத்த சக்கரத்துக்காக அவ வாசல்ல போய் பல்லிளிச்சுட்டு நிக்க முடியாது பாருங்க.”

“அவதான்னு தோணுதுல்ல? அப்புறம் என்ன இடிக்குது?”

“ஸ்டீயரிங் இடிக்குது. என் மக ஆடுற சக்கரத்தை அனுப்ப மாட்டா. ஒரு நட்டு லேசா லூசா இருந்தாலும் அன்னைக்கு அவ தூங்க மாட்டா. அவ அனுப்பினதுன்னா ஆடக் கூடாது. ஆடுதுன்னா அவ அனுப்பினது இல்ல.”

அக்கா எழுந்து கைப்பையை எடுத்தாள். “அது ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிச்சா, யாரு அனுப்பினதுன்னு தெரிஞ்சிடும். வாங்க.”

மனிதர் துப்பு கேட்டு வரவில்லை, மகளிடம் போக ஒரு சாக்கு கேட்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கும் பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி உடனே கிளம்புகிறவள் அல்ல அவள்.

ஊரைத் தாண்டிய அகலச் சாலையில் மாஸ்டர் வண்டியை விட்டார். அவர் பக்கத்தில் அக்கா, பின்னால் நான். அறுபதில் வண்டி தண்ணீர் மாதிரி போனது. எழுபத்தைந்தில் ஸ்டீயரிங்கின் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. எண்பதில் அது இடமும் வலமுமாகப் படபடத்தது. மாஸ்டர் அதைப் பிடித்திருந்த பிடியில் கோபம் இல்லை, காய்ச்சல் கண்ட குழந்தையின் கையைப் பிடித்திருப்பவர் போல இருந்தார்.

“பிரேக்கை லேசா தொடுங்க,” என்றாள் அக்கா. “அதிகமாகுதா?”

“இல்ல.”

“சரி, அப்போ பிரேக் தட்டு இல்ல. இன்னும் கொஞ்சம் வேகம்.”

நூறைத் தொட்டதும் ஆட்டம் அடங்கியது. வேகம் குறைந்து எண்பதுக்கு வந்ததும் திரும்பி வந்தது.

“சீட்டு ஆடலை, ஸ்டீயரிங் மட்டும் ஆடுது. அதனால முன்சக்கரம்,” என்றாள். “பின்னாடி ஏதாவது ஆடுதா?”

“ஒண்ணும் ஆடலை அக்கா.”

“வாய்?”

“அது எல்லா வேகத்துலயும் ஆடும்.”

மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சொன்னபடி, சக்கரங்களின் எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பேலன்ஸிங் பார்த்தாயிற்று, ஒரு முறைக்கு இரண்டு முறை. அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஸ்டீயரிங் கம்பியின் முனைகூட மாற்றியாயிற்று. அத்தனையும் சரி, ஆனால் ஆடுகிறது. “நோயாளிக்கு எல்லா டெஸ்டும் நார்மல், நோயாளி மட்டும்தான் சரியில்லை,” என்றேன். அக்கா இதற்குச் சிரிக்கவில்லை. அவள் யோசிக்கும்போது என் நகைச்சுவை அவளுக்கு மின்விசிறிச் சத்தம்.

மெக்கானிக்கின் பட்டறை இரண்டு சந்துகள் கூடும் மூலையில் இருந்தது. தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, மூலையில் ஒரு பேலன்ஸிங் மிஷின். மெக்கானிக் தொப்பையும் துணியுமாக வெளியே வந்தார். மாஸ்டரோடு எங்களைப் பார்த்ததும் கையைத் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“முன்சக்கரம் ரெண்டையும் கழட்டி மிஷின்ல போடுங்க,” என்றாள் அக்கா.

போட்டார். மிஷின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுழியம் காட்டியது. குறையே இல்லை என்று அர்த்தம். அக்கா அதே சக்கரத்தைத் திரும்ப வண்டியில் மாட்டச் சொன்னாள். ஜாக்கியில் தூக்கி நின்ற வண்டிக்கு முன்னால் தரையில் குந்தினாள். ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து, சுற்றும் டயருக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோனாள். டயர் முழுவதும் கோடு விழவில்லை, ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது.

“நட்டை எல்லாம் கழட்டுங்க. சக்கரத்தை அரைச் சுத்து திருப்பி மாட்டுங்க.”

இம்முறை சாக்பீஸ் டயரின் வேறோர் இடத்தைத் தொட்டது.

“சக்கரம் வட்டமாத்தான் இருக்கு,” என்றாள். “உட்கார்ற இடத்துலதான் கோளாறு. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒவ்வொரு இடத்துல உட்காருது.”

மறுபடி கழற்றிச் சுவரில் சாய்த்தபோது சக்கரத்தின் உட்பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியது. விளிம்பில், அழுக்குக்கு அடியில், வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி. அடுத்த சக்கரத்தில் இரண்டு புள்ளிகள். பின்சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தோம். மூன்று, நான்கு.

“இது என்ன மாஸ்டர்?” என்று கேட்டாள் அக்கா.

அவர் அருகே வந்தார். குனிந்தார். கை நீட்டி அந்த ஒற்றைப் புள்ளியைத் தொட்டார்.

“ஒண்ணு, டிரைவர் பக்கம் முன்னாடி. ரெண்டு, அதுக்கு எதிர்ல. மூணு, நாலு பின்னாடி. டயரை இடம் மாத்திப் போடறப்போ எது எங்கே இருந்துதுன்னு தெரியறதுக்கு. மத்தவங்க சாக்பீஸ்ல எழுதுவாங்க, ஒரு மழைக்குத் தாங்காது. நான் பெயிண்ட்ல வைப்பேன்.”

“இதை நீங்க வெச்சீங்களா?”

“நான் வைக்கல. வரும்போதே…” அவருடைய குரல் உடைந்தது. “அவதான். பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரியாத வயசுல பக்கத்துல உட்கார்ந்து அவதான் வைப்பா. பாருங்க, புள்ளி கோணலா இருக்கு. இப்பவும் கோணலாத்தான் வைக்கிறா!”

பட்டறை நடுவில் நின்று அந்த மனிதர் அழுதார், சிரித்தார், இரண்டையும் மறைக்கவில்லை. மெக்கானிக் துணியால் தன் கண்ணைத் துடைத்து முகம் முழுக்கக் கரியாக்கிக்கொண்டார். எனக்கு மனசு அப்படியே நிறைந்துவிட்டது. எங்கள் தொழிலில் கேஸ் முடிந்து ஒருத்தர் சிரிப்பது அபூர்வம். பெரும்பாலும் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் அழவே ஆரம்பிப்பார்கள்.

மாஸ்டர் குழாயடியில் முகம் கழுவினார். என் சீப்பை வாங்கித் தலை வாரினார்.

“தம்பி, சட்டை பரவாயில்லையா?”

“மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க.”

“போனதும் முதல்ல என்ன சொல்றது?”

“ஸ்டீயரிங் ஆடுது, என்ன லட்சணத்துல சக்கரம் அனுப்பினேன்னு சண்டை போடுங்க. அவங்களும் பதிலுக்குப் போடுவாங்க. பேச்சு தானா வந்துடும்.”

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதையே மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

நான் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினேன். “அக்கா, கேஸ் முடிஞ்சுது. கொடியேத்திடலாமா?”

அக்கா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. சக்கரம் இல்லாத அச்சு முனைக்கு முன்னால் குந்தியிருந்தாள். “முடியல. இங்க வா. நீங்களும் வாங்க,” என்று மெக்கானிக்கையும் கூப்பிட்டாள். மாஸ்டருக்குக் கேட்காத குரலில்தான் பேசினாள்.

சக்கரத்தின் நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது அல்லவா, வண்டியின் அச்சு முனை அதில் கச்சிதமாக நுழைய வேண்டும். அதுதான் சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது, நட்டுகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். அக்கா சக்கரத்தைத் தூக்கி வைத்து, அச்சுக்கும் ஓட்டைக்கும் நடுவே தன் விரல் நகத்தை விட்டாள். நகம் சுலபமாக நுழைந்தது. இது வேறு மாடல் வண்டியின் சக்கரம். நட்டு ஓட்டைகள் பொருந்திவிட்டன, நடு ஓட்டை பொருந்தவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்ட கதை. மிஷின் சக்கரத்தைக் கூம்பு வைத்து நடுவில் பிடிப்பதால் அங்கே சுழியம் காட்டியது, வண்டியில் பிடிக்க எதுவும் இல்லாததால் இங்கே ஆடியது.

“இந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போடணும்,” என்றாள் அக்கா. “அது எங்கே?”

மெக்கானிக் வாசலைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டேன்னு அந்தப் புள்ளைக்குச் சத்தியம் பண்ணேன்மா,” என்றார் மெக்கானிக். “ஆனா புள்ளியே காட்டிக்குடுத்துடுச்சு, இனி என்ன. அவ போன் பண்ணா. ‘மாமா, அப்பா டயர் வழுக்கையாயிடுச்சு, அடுத்த மழைக்கு முன்னாடி மாத்தணும். என்னோட சக்கரம் நாலையும் அனுப்பறேன், நான் வேற வாங்கிக்கறேன். பழசுன்னு சொல்லி மாட்டிடுங்க. என் பேரைக் கேட்டா கழட்டி வீசிடுவார்’னா.”

“வளையத்தைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

மெக்கானிக் நெற்றியில் அறைந்துகொண்டார். “சொன்னா! ‘நடு ஓட்டை பெருசு மாமா, கடைசல் பட்டறையில வளையம் செய்யச் சொல்லியிருக்கேன், அது இல்லாம மட்டும் மாட்டிடாதீங்க’ன்னா. ஒரு தடவை இல்ல, போனை வைக்கிறதுக்குள்ள பல தடவை சொன்னா. அப்புறம் ரொம்ப நாள் சக்கரமே வரல. வந்தப்போ எனக்கு அந்த ஞாபகமே போயிடுச்சு. பாவி நான்.”

“யாரு கொண்டுவந்தாங்க?”

“அவ வீட்டுக்காரர். வாடகை வேன்ல வந்தார். இறக்கி வெச்சார், ஒரு சொம்புத் தண்ணி குடிச்சார், போயிட்டார். ஒண்ணும் பேசல.”

“நீங்க அவளுக்குப் போன் பண்ணலையா?”

“ஸ்டீயரிங் ஆடுதேன்னு கேக்க எத்தனையோ தடவை அடிச்சேன்மா. அந்த நம்பர் அணைஞ்சே கிடக்கு.”

அக்கா மெல்ல எழுந்து நின்றாள். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

“என்னக்கா?” என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை. கொடியேற்றும் புத்தியிலேயே இருந்தேன்.

“சக்கரம் அவளோடது. புள்ளி அவ வெச்சது. ஆனா இதைக் கழட்டி அனுப்பினது அவ இல்ல. வளையம் இல்லாம மாட்டாதீங்கன்னு அத்தனை தடவை சொன்னவ, பக்கத்துல இருந்திருந்தா சக்கரத்துக்கு முன்னாடி வளையம் வந்திருக்கும். மாஸ்டர் சொன்னதுதான் சரி. அவ அனுப்பியிருந்தா இது ஆடியிருக்காது.”

வாசலில் மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். கிளம்பலாமா என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சக்கரங்களை மறுபடி மாட்டிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டாமல் ஊரின் மறுபக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாஸ்டர் நிறுத்தாமல் பேசினார். மகள் முதல் தடவை வண்டியைப் பின்னால் எடுத்தபோது வீட்டுச் சுவரை இடித்தாளாம். இடித்துவிட்டு, “சுவர்தான் நகரல” என்று சொன்னாளாம். லைசென்ஸ் வாங்கிய அன்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடல் தெரிகிற இடம் வரைக்கும் ஓட்டிப்போனாளாம். வழியெல்லாம் இவர் குறை சொல்லிக்கொண்டே போனாராம். ஒன்றுகூட நிஜமான குறை இல்லையாம்.

“மாஸ்டர், ஓரமா நிறுத்துங்க,” என்றாள் அக்கா.

அவர் கண்ணாடி பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஓரம் கட்டினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எல்லாம் முறைப்படி செய்த பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. வளையத்தைப் பற்றிச் சொன்னாள். மகள் மெக்கானிக்கிடம் சொன்னதைச் சொன்னாள். போன் அணைந்து கிடப்பதையும் சொன்னாள்.

“மறந்திருப்பா,” என்றார் மாஸ்டர் உடனே. “வேலை மும்முரத்துல மறந்திருப்பா.”

அக்கா அவரையே பார்த்தாள்.

“மறந்திருப்பாம்மா. ஆயிரம் வேலை இருக்கும் அவளுக்கு.” அவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. “மறக்க மாட்டா,” என்றார் பிறகு, தனக்குத் தானே. “உடம்புக்கு முடியலையோ என்னவோ. கையில அடி பட்டிருக்கும். இந்த வேலையில கையில அடி படறது சகஜம். கை உடைஞ்சிருந்தா சக்கரத்தைக் கழட்ட முடியாதுல்ல?”

“முடியாது,” என்றாள் அக்கா.

“அதான். கைதான். கடவுளே, கை உடைஞ்சிருக்கட்டும்.”

பெற்ற மகளின் கை உடைந்திருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் வேண்டிக்கொள்வதை நான் அதுவரை கேட்டதில்லை. நானும் வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல், மனமார வேண்டிக்கொண்டேன். ஒரு கை போதும், வேண்டுமானால் இரண்டு கையும், கட்டுப்போட்டு உட்கார்ந்தபடி அந்தப் பெண் கதவைத் திறக்கச் சொல்லி யாரையாவது அதட்டினால் போதும்.

தெருக்கோடியில் இருந்தது வீடு. வாசலில் ஒரு வண்டி உறை போர்த்தி நின்றது. உறைக்கு அடியில் சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் செங்கற்கள். டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றி, எழுத்து தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்திருந்தார்கள்.

மாஸ்டர் அழைப்புமணியை அழுத்தவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். பல நாள் சவரம் செய்யாத முகம். மருந்துக்கடைச் சட்டை போட்டிருந்தார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போல. மாஸ்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“உள்ள வாங்க மாமா,” என்றார்.

“அவ எங்கே?” என்றார் மாஸ்டர்.

மருமகன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“காலையில பல் தேய்ச்சுட்டு இருந்தா மாமா. தலை வலிக்குதுன்னா. உட்கார்ந்தா. அவ்வளவுதான். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டா.”

மாஸ்டர் கேட்டுக்கொண்டே நின்றார். யாரோ வழி சொல்கிறார்கள், திருப்பங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர் போலத் தலையை ஆட்டினார்.

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னேன் மாமா.” மருமகனின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தேவலை. “அன்னைக்கே போன் பண்ணேன். ‘உங்க மகளைப் பத்தி ஒரு விஷயம்’னு ஆரம்பிச்சேன். ‘எனக்கு மகளே கிடையாது’ன்னு வெச்சிட்டீங்க. மறுபடி பண்ணேன். நீங்க எடுக்கவே இல்ல.”

மாஸ்டரின் கை சுவரைத் தேடியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். மேசைமேல் கல் போல வைத்துக் காட்டிய அந்தக் கைகள் என் கைக்குள் உதறின.

“சக்கரம் கொண்டுவந்து குடுத்த அன்னைக்கு உங்க தெருவரைக்கும் வந்தேன்,” என்றார் மருமகன். “நீங்க ஒரு பொண்ணுக்கு பார்க்கிங் சொல்லிக்குடுத்துட்டு இருந்தீங்க. அந்தப் பொண்ணு ஏதோ சொல்லிச்சு, நீங்க சிரிச்சீங்க. எனக்கு வாய் வரல மாமா. திரும்பி வந்துட்டேன். அப்பா வண்டிக்கு மழைக்கு முன்னாடி சக்கரம் போயிடணும்னு அவ சொல்லிட்டே இருந்தா. அதையாவது செய்யலாம்னு நானே கழட்டினேன். எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சரியா இருக்கா?”

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கும் நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அக்காதான் கேட்டாள். “கடைசல் பட்டறையிலேருந்து ஏதாவது வந்துதா?”

அவர் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். “சக்கரம் குடுத்ததுக்கு அப்புறம் ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனார். இது எதுக்குன்னே தெரியல. அவ பேரைச் சொன்னார், வாங்கி வெச்சுட்டேன். அவ சம்பந்தப்பட்டது எதையும் தூக்கிப் போட மனசு வரல.”

பைக்குள் நாலு அலுமினிய வளையங்கள், கண்ணாடி மாதிரி பளபளவென்று. மாஸ்டர் ஒன்றை எடுத்தார். உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு முழுச் சுற்று தடவினார். பிசிறு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

“அளவு சரியா எடுத்திருக்கா,” என்றார்.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, வளையத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் தொடத் தயங்கினார், அப்புறம் முதுகில் கை வைத்தார். அக்கா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நசுங்கிய கார்களுக்குள் எதையெல்லாமோ பார்த்துக் கண் கலங்காதவள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். துப்பு சரியாக இருந்துவிட்டதே என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. நூறு தப்புக் கணக்குப் போட்டவள் இதையும் தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா?

வெகுநேரம் கழித்து மாஸ்டர் எழுந்தார். உறை போர்த்திய வண்டியைப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் அதுல உட்காரட்டுமா மாப்ளே?”

மருமகன் உறையை விலக்கிச் சாவியைக் கொடுத்தார். பாடம் சொல்லிக்கொடுக்கும் வண்டி. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், மாணவி பயந்துவிட்டால் ஆசிரியை மிதிப்பதற்கு. மாஸ்டர் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம்தான் போனார். ஆயுள் முழுக்க அவர் உட்கார்ந்த பக்கம் அது. கதவைத் திறந்தார். இருக்கையில் ஒரு சின்ன மெத்தை கிடந்தது, நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றி வந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

பெல்ட்டை இழுத்து மாட்டினார். கண்ணாடியைச் சரிசெய்தார். சக்கரமில்லாத வண்டியின் ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ரெடிம்மா,” என்றார். “எப்படி எடுக்கணும்னு நீ சொல்லு. இந்தத் தடவை குறுக்கே பேச மாட்டேன்.”